நைல் நதியின் நூறு எண்களும் எங்கள் பம்புகளும்

"அக்கா, இதுக்கு எந்தப் பரவல் போடணும்?" என்று கேட்டுக்கொண்டு போன மாதம் ஒரு பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். எங்கள் டீமுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள், ஆர் என்கிற புள்ளியியல் நிரல் மொழியில் கை நன்றாகவே ஓடும். கோவையில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் சர்வீஸ் டேட்டாவைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. விற்ற பம்பு எத்தனை நாள் ஓடியது, எதனால் நின்றது, திரும்ப எப்போது வந்தது, இதெல்லாம் ஷீட் ஷீட்டாக வரும். அவள் அந்த நாட்கணக்கை எடுத்து வெய்புல், காமா, லாக்நார்மல், எக்ஸ்பொனென்ஷியல் என்று ஒரு டஜன் பரவல்களை, அதாவது எந்த அளவு எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் கணித வடிவங்களை, ஒரே லூப்பில் பொருத்தி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று ஒப்பிட உதவும் ஏ.ஐ.சி. மதிப்பு வாரியாக அடுக்கி, முதல் இரண்டும் ஒட்டி ஒட்டி நின்றதால் எதை எடுப்பது என்று கேட்க வந்திருந்தாள்.

நான் பம்பு டேட்டாவைத் தொடவில்லை. புதிதாக ஒரு ஆர் ஜன்னலைத் திறந்து, "நைல்" என்று அடி என்றேன். ஆரை நிறுவும்போதே கூடவே வந்துவிடுகிற தரவுத் தொகுப்பு அது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். 1871 முதல் 1970 வரை, அஸ்வானில் நைல் நதியில் ஆண்டுதோறும் ஓடிய மொத்த நீரின் அளவு, நூறு ஆண்டுக்கு நூறு எண்கள். அலகு பத்துக் கோடி கன மீட்டர், அதாவது முதல் எண் 1120 என்றால் அந்த ஆண்டு 11,200 கோடி கன மீட்டர் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று பொருள். மிகக் குறைவு 1913-ல், 456. மிக அதிகம் 1879-ல், 1370.

"இதுக்கு ஒரு பரவல் பொருத்து பார்க்கலாம்."

எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று பட்டைகளாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் போட்டாள். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, இயல்நிலைப் பரவல் என்று பார்த்தவுடன் தோன்றுகிற வடிவம். ஆண்டு மொத்தம் என்பது பெரிய நிலப்பரப்பில் பல மாதம் பெய்த மழையின் கூட்டுத்தொகை என்பதால் அப்படித் தோன்றுவதில் தப்பும் இல்லை. ஆரின் மாஸ் தொகுப்பில் இருக்கும் ஃபிட்டிஸ்டர் ஃபங்ஷனில் கொடுத்தாள், ஒரு வினாடிகூட ஆகவில்லை: சராசரி 919.35, திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு, 168.38. அவற்றுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் திட்டப் பிழைகள் (அந்த இரண்டு மதிப்பீடும் எவ்வளவு தள்ளாடலாம் என்பது), 16.84, 11.91. காமாவும் லாக்நார்மலும் போட்டுப் பார்த்தாள், நடுப்பகுதியில் மூன்று வளைகோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின.

அப்புறம் ஒரு சோதனை செய்தோம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை, பரவல் பொருத்துகிற யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்லித் தருவேன். பொருத்திய பரவலிலிருந்தே நூறு நூறு எண்களாக எட்டு முறை போலித் தரவை உருவாக்க வேண்டும், ஆரில் ஆர்நார்ம் என்கிற ஃபங்ஷன் அதைச் செய்யும். அந்த எட்டோடு உண்மையான தரவையும் சேர்த்துக் கலைத்து, ஒன்பது ஹிஸ்டோகிராம்களை மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வரைந்து, இதில் உண்மையான நைல் எது என்று கேட்க வேண்டும். அவளைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு நான் வரைந்தேன். திரும்பிப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தாள், ஐந்தாவது கட்டம் என்றாள். அது போலி. அப்படியானால் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம், அவள் முகத்திலும் அதுதான் தெரிந்தது.

சரி, இப்போது அதே ஒன்பது தரவையும் ஹிஸ்டோகிராமாக இல்லாமல் ஆண்டு வரிசையில் கோடாக வரைந்தேன், கிடைமட்டத்தில் ஆண்டு, செங்குத்தில் நீரின் அளவு. திரையில் படம் வந்து முடிவதற்குள் விரலை வைத்துவிட்டாள். எட்டுப் படங்களில் கோடு மேலும் கீழுமாகச் சும்மா துள்ளிக்கொண்டிருக்க, ஒன்றில் மட்டும் முதல் கால்பங்கு மாடியில் ஓடி, திடீரென்று படியிறங்கி, அதன்பிறகு கடைசிவரை கீழேயே ஓடுகிறது.

படி இறங்குகிற இடம் 1898-க்கும் 1899-க்கும் நடுவில். 1871 முதல் 1898 வரை 28 ஆண்டுகளின் சராசரி 1097.75. 1899 முதல் 1970 வரை 72 ஆண்டுகளின் சராசரி ஏறக்குறைய 850. நாங்கள் பொருத்திய 919.35 இந்த இரண்டில் எதுவும் இல்லை. இரண்டு காலங்களையும் தனித்தனி சராசரியோடு வைத்தால் திட்ட விலக்கமும் சுமார் 128-க்கு இறங்கிவிடுகிறது, முன்னால் வந்த 168-ல் ஒரு நல்ல பங்கு இந்தப் படியின் உயரம்தான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆண்டு அளவு 1100-ஐத் தாண்ட என்ன வாய்ப்பு என்று ஒற்றை இயல்நிலைப் பரவலிடம் கேட்டால் 14 சதவீதம் என்கிறது. தரவில் எண்ணினால் நூறில் 18 ஆண்டுகள் தாண்டியிருக்கின்றன. பரவாயில்லை, பக்கத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 18-ல் 16 ஆண்டுகள் முதல் 28-க்குள்ளேயே வந்துவிட்டன, மீதி 72 ஆண்டுகளில் 1916, 1964 என்று இரண்டே இரண்டு முறைதான். 1971-ல் உட்கார்ந்துகொண்டு அடுத்த ஆண்டுக்கான தண்ணீரைத் திட்டமிடுகிறவருக்குச் சொல்ல வேண்டிய வாய்ப்பு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அவரிடம் 14 என்று சொன்னால் ஐந்து மடங்கு கூட்டிச் சொல்கிறோம், அதுவும் திட்டப் பிழையெல்லாம் அழகாகப் போட்டு.

1899-ல்தான் அஸ்வானில் பழைய அணையைக் கட்ட ஆரம்பித்தார்கள், 1902-ல் முடித்தார்கள். அதே காலத்தில் நதிக்கு நீர் தரும் பகுதியில் மழை குறைந்ததையும் காரணமாகச் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்பது வேறு விவாதம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பொருத்துகிற ஃபங்ஷன் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதும், அந்த ஃபங்ஷனால் அதைச் சொல்லவே முடியாது என்பதும்.

ஏன் முடியாது? அது செய்கிற வேலையைப் பார்த்தால் புரியும். எந்தப் பண்பளவைகளை, அதாவது பரவலின் வடிவத்தை முடிவு செய்யும் சராசரி, திட்ட விலக்கம் போன்ற எண்களை, வைத்தால் கையில் இருக்கிற இந்த எண்கள் வந்திருக்க வாய்ப்பு மிக அதிகமோ, அந்தப் பண்பளவைகளைத் தேடி எடுக்கிறது. அதற்காக ஒவ்வொரு எண்ணின் நிகழ்தகவு அடர்த்திக்கும் மடக்கை எடுத்துக் கூட்டுகிறது. கூட்டலில் யார் முன்னால் யார் பின்னால் என்ற பேச்சே இல்லை. நைல் எண்களைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டுத் திரும்பப் பொருத்துங்கள், ஆரில் சாம்பிள் ஃபங்ஷன் அதற்கென்றே இருக்கிறது, கடைசி தசமம் வரை அதே விடைதான். இந்த நூறு எண்களும் ஒரே ஊற்றிலிருந்து, ஒன்றையொன்று சாராமல் வந்தன என்பதை அது கண்டுபிடிப்பதில்லை, நாம் அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறது. நாம் அதைச் சொல்லியிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் எங்கேயும் அதை டைப் செய்யவில்லை.

இதை எழுதும்போது புள்ளியியலாளர் போர்ட்கீவிச் நினைவுக்கு வராமல் இருக்காது. அரிதாக நடப்பவற்றை எண்ணப் பயன்படும் பாய்சான் பரவல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தரவு: பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கை, 1875 முதல் 1894 வரை இருபது ஆண்டுகள், 14 படைப்பிரிவுகள். 1898-ல் வெளியிட்ட நூலில் அவர் பயன்படுத்தியது. பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் வருவது 14 அல்ல, 10 பிரிவுகள் மட்டுமே உள்ள 200 எண்கள். இறந்தவர்கள் 122 பேர், ஆகவே பிரிவுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.61. பாய்சானுக்கு ஒரே ஒரு பண்பளவைதான், அது இந்தச் சராசரியேதான், பொருத்துவதற்கு வேறு வேலை கிடையாது. ஆரில் ஒரே வரி: டிபாய்ஸ் ஃபங்ஷனில் பூஜ்யம் முதல் நான்கு வரையும் 0.61-உம் கொடுத்து 200-ஆல் பெருக்கினால் 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. உண்மையில் யாருமே சாகாதவை 109, ஒருவர் இறந்தவை 65, இருவர் 22, மூவர் 3, நால்வர் 1. நூற்றி இருபது வருஷம் கழித்து இந்த இரண்டு வரிசையையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது இன்னமும் எனக்குச் சிலிர்க்கிறது.

நான் வகுப்பில் படித்தபோது யாரும் சொல்லாத விஷயம் அந்த நான்கு பிரிவுகள் எங்கே போயின என்பது. மற்ற பத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் அமைப்பு வேறாக இருந்ததால் போர்ட்கீவிச்சே அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்தார். பொருத்துவதற்கு முன்னால், இவை எல்லாம் ஒரே மாதிரிப் பிரிவுகளா என்று அவர் கேட்டிருக்கிறார். ஒதுக்காமல் 14-ஐயும் போட்டாலும் 280 எண்களில் 196 இறப்பு, சராசரி 0.7, பொருத்தம் மோசமாக ஒன்றும் இல்லை, யாரும் சாகாதவை எதிர்பார்ப்பு 139 என்கிற இடத்தில் உண்மையில் 144 இருக்கிறது, ஒருவர் இறந்தவை 97-க்கு 91, மூவர் இறந்தவை எட்டுக்கு 11. ஆனால் அந்த விலகல் போகிற திசையைக் கவனியுங்கள்: யாருமே சாகாதவை எதிர்பார்த்ததைவிடக் கூட, மூன்று பேர் செத்தவையும் கூட, நடுவில் குறைவு. வெவ்வேறு சராசரி கொண்ட கூட்டங்களைக் கலந்தால் பாய்சான் இப்படித்தான் இரண்டு பக்கமும் இழுபடும்.

சரி, பம்புக்கு வருவோம். நைலைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தன் ஷீட்டைத் தானாகவே வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள், நான் பெரிதாக எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. நீர்மூழ்கி மோட்டார் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு, எங்களுக்குத் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு: காயில் எரிவது, பேரிங் தேய்வது. வோல்டேஜ் குறைந்தோ ஒரு பேஸ் போயோ ஓடினால் காயில் எரிந்துவிடும், ரீவைண்டிங்குக்கு வரும், ஆரம்பத்திலேயே வந்துவிடுபவை நிறைய. பேரிங் அப்படியில்லை, வருடக்கணக்கில் மணலோடு மல்லுக்கட்டி மெதுவாகத் தேயும். அவள் இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டு வெய்புல் பொருத்தியிருந்தாள், வடிவப் பண்பளவை ஒன்றுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருந்தது.

வெய்புலில் இந்த வடிவ எண்தான் கதை சொல்வது. ஒன்றுக்குக் கீழே என்றால் புதிய பம்புதான் அதிகம் பழுதாகும், போகப் போகத் தேறிவிடும். ஒன்றுக்கு மேலே என்றால் வயதாக ஆகத் தேய்மானம். சரியாக ஒன்று என்றால் வயதுக்கும் பழுதுக்கும் சம்பந்தமே இல்லை, எக்ஸ்பொனென்ஷியல். அப்படியானால் பேரிங்கை முன்கூட்டியே மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை என்றுதான் அந்த ஒன்றை வைத்து யாரும் முடிவெடுப்பார்கள். ஆனால் இளமையில் எரிகிறவற்றையும் முதுமையில் தேய்கிறவற்றையும் கலந்ததால் கிடைத்த ஒன்று அது. அந்த இரண்டு கூட்டத்திலும் யாருக்கும் அந்த எண் சொந்தமில்லை, 919.35 எந்தக் காலத்து நைலுக்கும் சொந்தமில்லாத மாதிரி.

காரண வாரியாகப் பிரிக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது, நான் சில வருடம் முன்பு நேராக அதில் விழுந்திருக்கிறேன். பேரிங் ஆயுளைக் கணக்கிட, பேரிங் தேய்ந்து வந்தவற்றை மட்டும் வடிகட்டி எடுத்துப் பொருத்தினேன். ஆயுள் மிகக் குறைவாக வந்தது, அந்த எண்ணை நம்பி ஸ்பேர் ஸ்டாக்கும் கூட்டி வைத்தார்கள். விட்டுப்போனது எது என்றால், இன்னும் வயலில் ஓடிக்கொண்டே இருக்கிற பம்புகள். அவற்றின் பேரிங் இதுவரை தாங்கியிருக்கிறது, ஷீட்டில் வரவே இல்லை, நன்றாக உழைப்பவை எல்லாம் கணக்குக்கு வெளியே நிற்க, செத்தவற்றை மட்டும் வைத்து ஆயுளைச் சொல்லிவிட்டேன். காயில் எரிந்து வந்த பம்பும் அப்படித்தான், பேரிங்கைப் பொறுத்தவரை அது 400 நாள் ஓடி எரிந்திருந்தால் பேரிங் 400 நாளுக்கு மேல் தாங்கும் என்ற செய்தி அதில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போடக் கூடாது. ஃபிட்டிஸ்டர்பிளஸ் தொகுப்பில் ஃபிட்டிஸ்ட்சென்ஸ் என்ற ஃபங்ஷன் இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு பம்புக்கும் இடது எல்லை, வலது எல்லை என்று இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும், பழுதான நாள் தெரிந்தால் இரண்டிலும் அதே எண், இன்னும் ஓடினால் வலதைக் காலியாக, ஆர் பாஷையில் என்.ஏ. என்று, விட வேண்டும். அவ்வளவுதான், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

பண்பளவைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் மணிக்கணக்காக வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பரவலை ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு எண்களால் எழுதுகிறார்கள். ஆரில் எக்ஸ்பொனென்ஷியலுக்கு வீதம் கேட்கும், பைத்தானின் சைபையில் அதன் தலைகீழான அளவுகோல் கேட்கும், ஜூலியாவிலும் அளவுகோல்தான். லாக்நார்மலுக்கு ஆர் மடக்கையின் சராசரியைத் தருகிறது, சைபை அதன் அடுக்கை அளவுகோல் என்று தருகிறது. ஆருக்குள்ளேயேகூட, சர்வைவல் தொகுப்பின் சர்வ்ரெக் வெய்புலுக்குத் தரும் அளவுகோல் என்பது டிவெய்புல் கேட்கிற வடிவ எண்ணின் தலைகீழ். சைபையில் இன்னொன்றும் உண்டு, ஃபிட் என்று சும்மா கூப்பிட்டால் பரவல் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்பதையும் சேர்த்துத் தேடும், பம்பின் ஆயுள் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது, எஃப்லாக் பூஜ்யம் என்று நீங்கள்தான் கட்டிப்போட வேண்டும். புதிய ஃபங்ஷன் எதையாவது தொட்டால் நான் முதலில் விடை தெரிந்த பண்பளவைகளை வைத்துப் பத்தாயிரம் போலி எண்களை உருவாக்கி, அதை அந்த ஃபங்ஷனிடமே கொடுத்து, வைத்ததே திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உண்மைத் தரவைக் காட்டுவேன்.

தரவுக்கும் பரவலுக்கும் உள்ள தூரத்தை அளக்கும் கோல்மோகொரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையில் பி மதிப்பு 0.8 வந்தது, அதாவது பொருத்தத்தைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை, என்று அவள் அன்று சொன்னதற்கும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன். அந்தச் சோதனையின் அட்டவணை, பரவல் முன்கூட்டியே முழுசாகத் தெரியும் என்று வைத்துக் கணக்கிட்டது. அதே தரவிலிருந்து பண்பளவைகளை எடுத்துவிட்டு அதே தரவோடு ஒப்பிட்டால் பொருந்தத்தான் செய்யும், பி மதிப்பு நமக்குச் சாதகமாகச் சாயும். லில்லிஃபோர்ஸ் 1967-லேயே இயல்நிலைப் பரவலுக்கு இதைத் திருத்தித் தனி அட்டவணை கொடுத்துவிட்டார். மற்றப் பரவல்களுக்கு இன்று அட்டவணை தேவையில்லை, கணினி இருக்கிறது: பொருத்திய பரவலிலிருந்து போலித் தரவு எடுத்து, அந்தப் போலிக்கும் புதிதாகப் பொருத்தி, தூரத்தை அளந்து, இதை ஆயிரம் முறை செய்து, நம் உண்மையான தூரம் அந்த ஆயிரத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். பத்து வரி நிரல்தான்.

இப்போது அவள் காயிலையும் பேரிங்கையும் பிரித்து, ஓடிக்கொண்டிருப்பவற்றை விற்பனைப் பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்து மறுபடி பொருத்தியிருக்கிறாள். பேரிங்கின் வடிவ எண் ஒன்றைத் தெளிவாகத் தாண்டிவிட்டது, காயிலுடையது ஒன்றுக்குக் கீழே. மீதி இருக்கிற தலைவலி, பழுதுக்கான காரணம் என்கிற நெடுவரிசையில் "மற்றவை" என்று மட்டும் எழுதியிருக்கும் வரிகள், அவை எந்தப் பக்கம் போகும் என்று எந்தப் பரவலும் சொல்லாது. நேற்று மதியம் நான் டீக்குப் போகும்போது அவள் போனில் இருந்தாள், சர்வீஸ் மெக்கானிக் யாரோ ஒருவரிடம், ஷீட்டில் ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திக்கொண்டே, "அண்ணா, அந்தப் பல்லடம் பம்பு, ஞாபகம் இருக்கா, பிரிச்சுப் பார்த்தப்ப காயில் கருகியிருந்துச்சா, இல்ல பேரிங் சத்தமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.